6 லட்சத்தில் சிற்றுண்டிக் கடை: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். கணவருக்கு மாதச் சம்பளம் 32,000 ரூபாய், மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வங்கியில் 6 லட்சம் இருக்கிறது. தோட்டப்பாளையத்தில் சிறிய கடை பார்த்திருக்கிறேன். வாடகை 20,000, அட்வான்ஸ் 2 லட்சம். இட்லி, பொங்கல், தோசை, சாண்ட்விச் எல்லாம் 50 ரூபாய்க்குள் தர ஆசை. நகையை அடகு வைத்துக் கொஞ்சம் பெரிதாகவே தொடங்கலாமா?

பதில்: நகையைத் தொடாதீர்கள். கடை படுத்தால் வட்டி கட்டவும் வழியிருக்காது, நகை ஏலத்துக்குப் போய்விடும். மகள் கல்லூரிக்குப் போகும் வருடத்தில் அந்த நிலை வேண்டாம்.

இடம் நல்ல இடம்தான். காட்பாடியில் கல்லூரி விடுமுறை விட்டால் கடைகள் காற்று வாங்கும்; நீங்கள் பார்த்திருக்கும் சிஎம்சி மருத்துவமனைப் பக்கம் அப்படியில்லை. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குபவர்கள் அதிகம். ஆனால் அவர்களில் பலர் செலவுக்குப் பயந்து அறையிலேயே சமைப்பவர்கள். உங்கள் கடைக்கு வரப்போவது, வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுப் பசியோடு வெளியே வருகிறவர்களும் அவர்களுடைய துணையாட்களும்தான். அவர்களுக்குச் சட்டென்று கையில் கிடைக்கிற பிரெட் ஆம்லெட், சாண்ட்விச் போதும். விலைப் பலகையை வங்காளியிலும் இந்தியிலும் எழுதி வையுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். வாடகை 20,000, தோசை மாஸ்டர் 18,000, உதவியாள் 12,000, கேஸும் கரண்டும் 12,000 என்று வைத்தால் மாதம் 62,000. உங்கள் உழைப்புக்கு 15,000 சேருங்கள். பலர் இதை விட்டுவிட்டு லாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் சராசரியாக 50 ரூபாய்க்குச் சாப்பிட்டால், பொருள் செலவு போக 28 ரூபாய் நிற்கும். மாதம் 26 நாள் திறந்தால் தினமும் 106 பேர் வரவேண்டும். புதுக் கடைக்கு அது பெரிய எண்ணிக்கை.

தோசையை எடுத்துவிடுங்கள். இட்லியும் பொங்கலும் நீங்களே செய்வீர்கள், சாண்ட்விச்சுக்கு மாஸ்டர் தேவையில்லை. அப்போது சுமார் 81 பேர் போதும். நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான். மூன்று மாதம் கழித்துக் கூட்டம் நிலைத்தால் தோசைக்கல்லை வாங்கிக்கொள்ளலாம்.

கிரில்லர், பிரிட்ஜ், பாத்திரம், மேசைக்கு ஒன்றரை லட்சம் ஆகலாம். அதற்கு மட்டும் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் 'கிஷோர்' பிரிவுக் கடன் கேளுங்கள், அதற்கு அடமானம் தேவையில்லை. தவணைக்காகத் தினம் இன்னும் ஐந்து பேர் வரவேண்டியிருக்கும், அவ்வளவுதான். உங்கள் பணத்தில் அட்வான்ஸ் 2 லட்சம், மூன்று மாதச் செலவுக்கு (உங்கள் உழைப்புக்கான 15,000 போக மாதம் 44,000) 1.32 லட்சம். மீதி 2.68 லட்சம் மகள் படிப்புக்கு, வங்கியிலேயே கிடக்கட்டும்.

ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் நிற்கும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு கட்டாயம். வீட்டு சிலிண்டரைக் கடையில் வைக்கக் கூடாது, 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வாரம் அந்தக் கடை வாசலில் காலை ஆறரை முதல் பத்து வரை நின்று, பக்கத்துக் கடைகளில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று எண்ணுங்கள். அப்புறம் வாடகை உயர்வு, அட்வான்ஸ் திரும்பும் நாள் இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.