வீட்டில் இன்சுலின் ஒழுங்காகப் போடுகிறார்களா: ஆய்வில் எப்படி அளப்பது?

கேள்வி: வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகளுக்குச் செவிலியர் தரும் பயிற்சி பலன் தருகிறதா என்று எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வில் பார்க்கப்போகிறேன். ஒழுங்காகப் போடுகிறார்களா என்பதை வினாத்தாள் வைத்து அளந்தால் போதுமா?

போதாது. வேளை தவறியதா என்று மட்டும்தான் வினாத்தாள் கேட்கும். உடம்புக்குள் எத்தனை யூனிட் போனது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் சீருடையில் நின்று கேட்டால் "கரெக்டா போட்டுக்கிறேன் சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். பல நேரம் அவர் உண்மையாகவே அப்படி நம்புகிறார்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். இந்தியாவில் குப்பியில் வரும் ஹியூமன் இன்சுலின் பெரும்பாலும் 40 ஐயூ. அதாவது 1 மி.லி.யில் 40 யூனிட், 10 மி.லி. குப்பியில் 400. இதற்கு உரியது சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100 ஐயூ மருந்துக்கு. காலை 20, இரவு 12 என்று நாளைக்கு 32 யூனிட் எழுதியிருந்தால் ஒரு குப்பி பன்னிரண்டரை நாளில் தீர்ந்துவிட வேண்டும். "ஒரு பாட்டில் ஒரு மாசம் வருது" என்று ஒருவர் சொன்னால் உடனே அவர் சிரிஞ்சை வாங்கிப் பாருங்கள். ஆரஞ்சு சிரிஞ்சில் 32 கோடு என்பது 0.32 மி.லி. 40 ஐயூ மருந்தில் அது 12.8 யூனிட்தான். 400-ஐ 12.8-ஆல் வகுத்தால் 31 நாள். ஒரு வேளைகூட விடாமல் போட்டவருக்கு, எழுதிய மருந்தில் பாதிகூடப் போகவில்லை. போதாததற்கு, திறந்த குப்பிக்குப் பொதுவாகச் சொல்லும் 28 நாள் கெடுவும் தாண்டிவிட்டது. வினாத்தாளிலோ அவருக்கு முழு மதிப்பெண்!

தவறைக் கண்டுபிடித்ததும் சிவப்பு சிரிஞ்சைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். சர்க்கரை இறங்கவில்லையே என்று மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கக்கூடும். சீட்டில் 50 என்று இருந்தாலும் இதுவரை உள்ளே போனது 20 தான். சரியான சிரிஞ்சில் அன்றைக்கே 50 ஏறினால் லோ சுகரில் மயங்கி விழுந்துவிடுவார். மருத்துவரிடம் சொல்லி, அளவைப் புதிதாக எழுதி வாங்கிய பிறகே சிரிஞ்சை மாற்ற வேண்டும். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும்: 100 ஐயூ குப்பியிலிருந்து சிவப்பு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அது 50 யூனிட்.

ஆகவே முதல் அளவுகோல் கண்ணால் பார்ப்பது. வீட்டில் வைத்திருக்கும் அதே குப்பி, அதே சிரிஞ்சோடு சாப்பாட்டு வேளைக்கு வரச் சொல்லுங்கள். "நேத்து போட்ட மாதிரியே போட்டுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு வாய் திறக்காமல் சரிபார்ப்புப் பட்டியலில் குறியுங்கள்; அளவு ஆபத்தாகத் தெரிந்தால் மட்டும், ஊசி ஏறும் முன் நிறுத்துங்கள். கலங்கலான இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே 10 முறை உருட்டி, 10 முறை மெதுவாகத் தலைகீழாக்கிக் கலக்குகிறாரா, குலுக்குகிறாரா? சிரிஞ்சுக்குப் பதில் இன்சுலின் பேனா என்றால் ஒவ்வொரு முறையும் முதலில் 2 யூனிட் வெளியே தள்ளிப் பார்க்கிறாரா? அழுத்தி முடித்ததும் 10 எண்ணுகிறாரா? பட்டனை அழுத்தியதும் வெடுக்கென்று இழுத்தால் ஊசி முனையில் மருந்து சொட்டும், கண்ணுக்கே தெரியும்.

வயிற்றைத் தடவிப் பார்க்காமல் இந்தச் சோதனை முடியாது. ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்பு தடித்து ரப்பர் போல ஆகியிருக்கும். அங்கே வலி குறைவு என்பதால் நோயாளிக்கு அந்த இடம்தான் பிடிக்கும். மருந்தோ அங்கிருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விரற்கடையாவது தள்ளிப் போடச் சொல்லிக்கொடுங்கள். தடித்த இடத்தை விட்டு மாறும்போதும் அளவைக் குறைக்க வேண்டிவரலாம், எனவே மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

இரண்டாவது, மேலே சொன்ன குப்பிக் கணக்கு. மூன்றாவதாகத்தான் கேள்வி. "மருந்து விட்டுப்போகுமா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். "விரதம், ஊருக்குப் போறதுன்னு எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு வேளை விட்டுப்போகும். போன ஏழு நாள்ல உங்களுக்கு எத்தனை வேளை விட்டுச்சு?" என்று கேட்டால் எண்ணிக்கை வரும். மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்களா என்று அளக்கும் மோரிஸ்கி போன்ற ஆயத்த வினாத்தாள் வேண்டுமென்றால் உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

பயிற்சி கொடுத்த ஏழாம் நாள் மறுதேர்வு வைத்து முடித்துவிடும் பழக்கம் இந்தத் தலைப்புக்கு உதவாது. அது ஞாபகத்தைத்தான் அளக்கும். ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டுவது கடந்த 2–3 மாதச் சர்க்கரையின் சராசரி என்பதால் குறைந்தது 3 மாதம் காத்திருக்க வேண்டும். உங்கள் பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழுவும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் மாற்றம் உங்கள் பயிற்சியால் வந்ததா, மருத்துவர் மருந்தை மாற்றியதால் வந்ததா என்று சொல்லவே முடியாது.

பயிற்சியை டிஸ்சார்ஜ் அன்று, வீட்டார் பில் கட்ட ஓடும் நேரத்தில் வைக்காதீர்கள். ஒரு நாள் முன்னதாகவே தொடங்குங்கள். வீட்டில் ஊசி போடப்போவது மருமகள் என்றால் மருமகளுக்குத்தான் பயிற்சி. வார்டில் பேனாவில் காட்டிவிட்டு, வீட்டுக்குக் குப்பியும் சிரிஞ்சும் எழுதிக் கொடுப்பது பயிற்சியே ஆகாது.

ஒப்பீட்டுக் குழுவில் ஒருவர் தவறான சிரிஞ்சோடு வந்தால், ஆய்வு கெட்டுவிடும் என்று பார்த்துக்கொண்டிருக்க உங்களுக்கு உரிமை இல்லை. மருத்துவருக்குத் தெரிவித்து அன்றே சரிசெய்து, அவருடைய தரவைத் தனியாகக் குறித்து வையுங்கள். நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கும் முன்மொழிவிலேயே இதை ஒரு பத்தியாக எழுதிவிடுங்கள்.