‘டஸ்’ வந்தால் ‘எஸ்’ எங்கே போகிறது?

‘ஹி வொர்க்ஸ்’ சரியென்றால் ‘ஹி டஸ் நாட் வொர்க்ஸ்’ மட்டும் ஏன் தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தின் சிம்பிள் பிரசென்ட் டென்ஸில், அதாவது சாதாரண நிகழ்காலத்தில், பலரும் இடறும் இடம் இது.

ஹி, ஷி, இட் ஆகியவற்றோடு வரும் வினைக்கு ‘எஸ்’ சேர்க்கிறோம். ஐ, யூ, வி, தே என்றால் வெறும் வினையே போதும். அந்த ‘எஸ்’ ஒரே இடத்தில்தான் உட்காரும். மறுப்போ கேள்வியோ வரும்போது ‘டூ’ துணைக்கு வந்து, அதைப் பறித்துக்கொண்டு ‘டஸ்’ ஆகிவிடுகிறது. மூல வினை வெறுங்கையோடு நிற்கும்: ‘ஹி டஸ் நாட் வொர்க்’, ‘டஸ் ஹி வொர்க்?’ ‘கேன்’, ‘மஸ்ட்’ போன்றவை இந்த வம்புக்கே வருவதில்லை. ‘ஷி கேன் ஸ்விம்’, அவ்வளவுதான்.

வழக்கமாக நடப்பதற்கும் என்றும் மாறாத உண்மைக்கும் இந்த டென்ஸ்தான். ‘தி சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்’ என்பது பொது உண்மை. கண்ணெதிரே உதித்துக்கொண்டிருந்தால் ‘தி சன் இஸ் ரைசிங்’. பெயரில் பிரசென்ட் இருந்தாலும், அட்டவணைப்படி நாளை நடக்கவிருப்பதற்கும் இது பொருந்தும்: ‘தி டிரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ’. ‘நோ’ (தெரியும்), ‘வான்ட்’ (வேண்டும்) போன்ற வினைகளுக்கு, இந்த நொடியைப் பற்றிப் பேசினாலும் ‘ஐ நோ’தான், ‘ஐ ஆம் நோயிங்’ கூடாது.