அண்ணாச்சி, இந்தக் காசுக்கு இது தகுமா?

விருதுநகரில் 24 வருடம் ஏஜென்சி நடத்தியவன் நான். பிஸ்கட், சோப்பு, டீத்தூள், எண்ணெய் என்று வேனில் ஏற்றிப்போய்க் கடை கடையாக இறக்கிவிட்டு வருவது வேலை. இப்போது வேனை விற்றாயிற்று. ஆனால் மளிகைக்குப் போய்விட்டு வருகிறவர்கள், "எல்லாம் ஏமாத்து அண்ணாச்சி" என்று என்னிடம்தான் புலம்புகிறார்கள். பழகியவர்கள் கேட்டதில் சிலவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

அஞ்சு ரூபாய் பிஸ்கட் இன்னமும் அஞ்சு ரூபாய்தான். ஆனால் என் மகனுக்கு ஒரு பாக்கெட் போதவில்லை. பையன் வளர்ந்தானா, பாக்கெட் சிறுத்ததா? (சிவகாசி ஆசிரியை)

இரண்டும்தான் அம்மா. அஞ்சு ரூபாய் என்பது விலை இல்லை, அது ஒரு நாணயம். பிள்ளை கையில் ஒரு காசைக் கொடுத்து அனுப்புகிறோம், அது பாக்கெட்டோடு வருகிறது. அதை ஆறு ரூபாய் ஆக்கினால் கடைக்காரர் சில்லறைக்கு அலைய வேண்டும், விற்பனை படுத்துவிடும். அதனால் மாவும் சர்க்கரையும் பாமாயிலும் விலை ஏறினால் கம்பெனி விலையில் கை வைக்காது, எடையில் வைக்கும். எங்கள் தொழிலில் இதற்குக் கிராமேஜ் குறைப்பு என்று பெயர். கம்பெனியில் இருந்து தகவல் வருவதற்கு முன்பே எங்கள் லோடுமேன் சொல்லிவிடுவார்: "அண்ணாச்சி, இந்தத் தடவை பெட்டி லேசா இருக்கு."

பிஸ்கட், டீத்தூள், சோப்பு போன்ற சில சரக்குகளை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று எடையளவு விதிகளில் முன்பு ஒரு பட்டியல் இருந்தது. அதிலும் சின்ன பாக்கெட்டுகள் வழி கண்டுபிடித்து நழுவிக்கொண்டுதான் இருந்தன. 2021-ல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. இப்போது 43 கிராமும் அடைக்கலாம், 57 கிராமும் அடைக்கலாம். பதிலுக்கு ஒரு நல்லதும் செய்தார்கள். ஒரு கிராம் என்ன விலை என்று பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். எம்ஆர்பிக்குப் பக்கத்தில் யுஎஸ்பி என்று பொடி எழுத்தில் இருக்கும். கிலோவுக்குக் கீழே என்றால் கிராம் கணக்கு, மேலே என்றால் கிலோ கணக்கு. மூக்குக்கண்ணாடி போட்டாவது அதைப் பாருங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதம் ஆனது. அப்போது சில பாக்கெட்டுகளில் விலை இறங்காமல் எடை ஏறியது. எனவே நாணயத்தை விட்டு யாரும் நகர மாட்டார்கள்.

பெரிய பாக்கெட்டாக வாங்கினால் மலிவு என்று என் மாமியார் சொல்வார். சரிதானே? (மதுரை, வீட்டுக் கணக்கு எழுதுபவர்)

அரிசி, பருப்புக்குச் சரி. ஷாம்புக்குத் தப்பு. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: 2 ரூபாய் பாக்கெட்டில் 6 மில்லி என்றால் ஒரு மில்லி 33 பைசா. அதே சரக்கு 180 மில்லி பாட்டில் 160 ரூபாய் என்றால் ஒரு மில்லி 89 பைசா. கடையில் தொங்குகிற சரத்தில் முப்பது பாக்கெட் கிழித்துக் கொண்டு வந்தால் அறுபது ரூபாயில் அதே 180 மில்லி கிடைத்துவிடும். எல்லாப் பிராண்டிலும் இப்படி இல்லை, ஆனால் பலவற்றில் இப்படித்தான். பாட்டில் வாங்குகிறவர் விலை பார்க்காதவர் என்று கம்பெனிக்குத் தெரியும். பாக்கெட் வாங்குகிறவரோ ஐம்பது பைசா ஏறினாலும் பக்கத்துச் சரத்துக்குத் தாவிவிடுவார்.

ஷாம்பைப் பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுபோகலாம் என்று முதலில் யோசித்தவர்களில் ஒருவர் நம் கடலூர்க்காரர், சின்னி கிருஷ்ணன். நாடே பின்னால் அதைப் பிடித்துக்கொண்டது. காலி பாக்கெட் சாக்கடையை அடைப்பது தனிக் கதை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

டீத்தூள், சோப்புத்தூளில் குடும்பப் பாக்கெட் சில சமயம் மலிவு, சில சமயம் கிராமுக்கு அதிகம். அங்கேயும் யுஎஸ்பிதான் சாட்சி.

எண்ணெய் பாக்கெட் ஒரு லிட்டர் என்று நினைத்து வாங்கினேன். வீட்டில் பாட்டிலில் ஊற்றினால் நிரம்பவில்லை. கடைக்காரர் சிரிக்கிறார். செக்கு எண்ணெய்க்கு மாறலாமா? (அருப்புக்கோட்டை)

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், எண்ணெய் எங்கள் ஊர்ச் சரக்கு.

முதலில் பாக்கெட். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒரு லிட்டர் பாக்கெட் மாதிரியே உயரம், அகலம், நிறம். எடை மட்டும் 850 கிராம், 800 கிராம். ஏமாற்று என்று வழக்குப் போட முடியாது, எடையைப் போட்டுத்தான் இருக்கிறார்கள். நாம் பாக்கெட்டின் உருவத்தைப் பார்த்து வாங்குகிறோம், அவர்கள் எடையை எழுதி விற்கிறார்கள்.

இதைவிட நயமான ஒன்று இருந்தது. எண்ணெய் சூடானால் விரியும், பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். சிலர் லேபிளில் 60 டிகிரி வெப்பநிலை என்று போட்டு ஒரு லிட்டர் என்று எழுதினார்கள். சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டர் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். ஆக லிட்டருக்கு 26 கிராம் மிச்சம், யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. விருதுநகர் சித்திரை வெயிலில்கூட எந்தக் கடை அலமாரியும் 60 டிகிரிக்குப் போகாது! 2022-ல் மத்திய நுகர்வோர் துறை இதைப் பிடித்து, வெப்பநிலை போடாமல் அளவையும் எடையையும் எழுதச் சொன்னது. 2023 ஜனவரி 15 வரை தவணை கொடுத்தார்கள்.

அப்புறம் கலப்பு எண்ணெய். முன்பக்கம் கடலைக் கொத்து படம், பின்பக்கம் பொடி எழுத்தில் கலப்புத் தாவர எண்ணெய். சட்டப்படி கலப்பில் ஒரு எண்ணெய் 20 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அதாவது படத்தில் இருப்பது 20 சதவீதம், மீதி 80 வேறொன்று என்றாலும் சட்டம் ஒத்துக்கொள்ளும். எத்தனை சதவீதம் என்று லேபிளில் இருக்கும், தேடினால் கிடைக்கும்.

இனி செக்கு. மாறுங்கள், ஆனால் கணக்குப் பார்த்து மாறுங்கள். நிலக்கடலைப் பருப்பில் எண்ணெய் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. செக்கில் ஆட்டினால் நூற்றுக்கு நாற்பது வந்தால் நல்ல சரக்கு. ஒரு லிட்டருக்கு இரண்டே கால் முதல் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 110 ரூபாய் என்று வைத்தாலும் பருப்புக்கே 250 ரூபாயைத் தொட்டுவிடும். புண்ணாக்கு விற்று ஐம்பது ரூபாய் திரும்பும். கரண்ட், கூலி, பாட்டில், வாடகை எல்லாம் மேலே. இப்படி இருக்கையில் ஒருவர் ரோட்டோரம் மரச்செக்கு போர்டு மாட்டி 180 ரூபாய்க்குக் கொடுக்கிறார் என்றால், அவர் தர்மம் செய்கிறார், இல்லையென்றால் அது கடலை எண்ணெய் இல்லை. தர்மம் செய்கிற எண்ணெய் வியாபாரியை நான் பார்த்ததில்லை. முடிந்தால் பருப்பை நீங்களே வாங்கிக்கொண்டு போய் கண் முன்னால் ஆட்டிக்கொள்ளுங்கள். கூலி கொடுத்தாலும் மனசு நிம்மதி.

சோப்பு பத்து நாளில் கரைந்துபோகிறது. தண்ணீர்க் கோளாறா? (ராஜபாளையம்)

சோப்புப் பெட்டியில் தண்ணீர் தேங்கினால் எந்தச் சோப்பும் கரையும், அதை முதலில் பாருங்கள். அடுத்து உறையில் டிஎஃப்எம் என்று ஒரு எண் இருக்கும், சோப்பில் கொழுப்புச் சத்து எவ்வளவு என்று சொல்வது. குளியல் சோப்பில் 76-க்கு மேல் முதல் தரம், 70-க்கு மேல் இரண்டாவது, 60-க்கு மேல் மூன்றாவது. 'பாத்திங் பார்' என்று எழுதியிருந்தால் அது சோப்பு வகையிலேயே சேராது, 40 இருந்தால் போதும். வாசனையும் நடிகை படமும் இந்த எண்ணைச் சொல்லாது. 40-ஐ 76-ன் விலைக்கு வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

நெய்யும் ஐஸ்கிரீமும் லிட்டரில் விற்கிறார்களே, ஏன்? (திருநெல்வேலி கல்லூரி மாணவர்)

நல்ல கேள்வி தம்பி. அரை லிட்டர் நெய் சுமார் 450 கிராம்தான். அரைக் கிலோ பாட்டிலையும் அரை லிட்டர் பாட்டிலையும் பக்கத்தில் வைத்து விலை பார்க்கிறவர்கள் ஐம்பது கிராமை மறந்துவிடுகிறார்கள்.

ஐஸ்கிரீமில் விற்பது காற்று. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் இருக்கவேண்டும் என்பதே விதி. அதாவது டப்பாவில் கிட்டத்தட்ட பாதி காற்று இருந்தாலும் குற்றமில்லை. காற்று இல்லாவிட்டால் கல் மாதிரி இருக்கும், அது வேறு. கையில் தூக்கிப் பாருங்கள், கனமான டப்பாவை எடுங்கள். இன்னொன்று, ஐஸ்கிரீம் என்று எழுதினால் பால் கொழுப்பு 10 சதவீதமாவது இருக்கவேண்டும். 'ஃப்ரோசன் டெசர்ட்' என்றால் உள்ளே இருப்பது தாவரக் கொழுப்பு. சாப்பிடக் கெடுதல் என்று நான் சொல்லவில்லை, பால் விலை கொடுக்காதீர்கள் என்கிறேன்.

ஃபில்டர் காபித்தூள் விலை தாங்கவில்லை. (கோவில்பட்டி, ஓய்வுபெற்ற தபால்காரர்)

ஆமாம் சார், வியட்நாமில் வறட்சி, பிரேசிலிலும் விளைச்சல் சரியில்லை என்று உலகச் சந்தையே ஏறியது. உள்ளூர்க் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. ஆனால் சிக்கரியைப் பாருங்கள். கலவைத் தூளில் காபி 51 சதவீதம் இருந்தால் போதும் என்பது விதி. 80-20 குடித்துப் பழகிய கடையில் 60-40 கொடுத்தாலும் டிகாக்ஷன் இன்னும் கறுப்பாகத்தான் இறங்கும், நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கொட்டை வறுத்து அரைத்துத் தருகிற கடையில் கலவையை நீங்கள் சொல்லி வாங்குங்கள்.

பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் சத்து மாவு டப்பா வாங்கலாமா? (சாத்தூர்)

நான் லாரி லாரியாக விற்றது, அதனால் சொல்கிறேன்: பின்னால் திருப்பி 100 கிராமுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். 30 கிராமுக்கு மேல் போட்டிருந்த டப்பாக்களை நானே அலமாரியில் அடுக்கியிருக்கிறேன். சர்க்கரை கிலோ என்ன விலை, டப்பா கிலோ என்ன விலை என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்காதீர்கள் என்று இணையக் கடைகளுக்குச் சொன்னது. நம் உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. பால் கொடுங்கள், கையில் கடலைமிட்டாய் கொடுங்கள். கோவில்பட்டி பக்கத்தில்தானே இருக்கிறது.

அம்மாவின் போனுக்கு மாதம் ஒருதடவை ரீசார்ஜ். அவர் இன்டர்நெட் பக்கமே போவதில்லை. (சென்னையில் வேலை, ஊர் திருச்சுழி)

இது என் துறை இல்லை, ஆனாலும் என் அண்ணிக்கு நான்தான் போடுகிறேன். 28 நாள் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று தடவை. பதின்மூன்றாவதுதான் அவர்கள் லாபம். போன் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான டிராய், 2022-ல் 30 நாள் திட்டம் ஒன்றாவது வைக்கவேண்டும் என்றது. 2024 டிசம்பரில் பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டும் தனித் திட்டம் தரவேண்டும் என்றது, 365 நாள் வரை தரலாம் என்றும் சொன்னது. ஆப்பில் கடைசியில் ஒளித்துவைத்திருப்பார்கள், கீழே வரை தள்ளிப் பாருங்கள்.

பஸ் ஸ்டாண்டில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலை 25 என்கிறார். கேட்டால் கூலிங் சார்ஜ்! (பெயர் வேண்டாம் என்றார்)

எம்ஆர்பிக்குள் எல்லாமே அடக்கம், குளிரும் அடக்கம். ஒரே பாட்டிலுக்கு சினிமாவுக்கு ஒரு எம்ஆர்பி, கடைக்கு ஒரு எம்ஆர்பி என்று அச்சடிப்பதும் 2018 ஜனவரியிலிருந்து கூடாது. பில் கேளுங்கள், அந்த ஒரு வார்த்தையிலேயே பாதிப்பேர் இறங்கிவருவார்கள். இல்லையென்றால் 1915, நுகர்வோர் புகார் சொல்கிற போன் எண். நம் மாநிலத்தில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. ரயிலில் போகிறவர்களுக்கு: ரயில் நீர் ஒரு லிட்டர் இப்போது 14 ரூபாய், 20 கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் தெரிந்த நீங்கள்தானே அத்தனை வருடம் இதையே விற்றீர்கள்? (என் தங்கை மகன்)

ஆமாம் மாப்பிள்ளை. கிராமேஜ் குறைந்த சரக்கு வரும்போது பழைய ஸ்டாக்கை முதலில் தள்ளுவோம். கடைக்காரர் கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் சொல்ல மாட்டோம். ஒரே ஒரு தடவை முதுகுடி பக்கம் ஒரு பாட்டி பழைய பாக்கெட்டையும் புதிய பாக்கெட்டையும் இரண்டு கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, புதியதை என் வேனிலேயே திருப்பிப் போட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர். எனக்கு மார்ஜின் அன்றும் அதேதான் கிடைத்தது.

சரி, உங்கள் வீட்டில் எதை நிறுத்தினீர்கள்? (அவனேதான், விடமாட்டான்)

இஞ்சி பூண்டு விழுது பாட்டில், ரூம் ஸ்ப்ரே, பாத்திரம் தேய்க்கும் பார்சோப்பில் இரண்டு வகை. கட்டிப் பெருங்காயம் நிறுத்தவில்லை. சாயங்காலம் அஞ்சு மணி டீயும் பிஸ்கட்டும் நிறுத்தவில்லை. அந்தப் பாக்கெட்டை மட்டும் நான் திருப்பிப் பார்ப்பதில்லை, உன் அத்தைதான் பார்ப்பாள்.