கதைக்களம் கேள்வி – பதில்: ‘அழுத்தம் இல்லை’ என்றால் அவள் எதைத் திருத்துவாள்?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர், குறும்படத்துக்கான கதைச் சுருக்கங்களை எழுதி ஒருவருக்கொருவர் கருத்துச் சொல்கிறோம். எங்கள் தோழி எழுதியதை இணைத்திருக்கிறேன். கடலில் இறங்கிக் கடற்பாசி எடுக்கும் பெண் ஒருத்தி, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தீவுப் பக்கம் போகிறாள். வனத்துறைப் படகு வந்துவிடுகிறது. ‘நல்ல கதைதான், அழுத்தம் இல்லை’ என்றோம். அதன்பின் அவள் எழுதவே இல்லை. எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?
– வாசகர், மண்டபம்

பதில்: ‘அழுத்தம் இல்லை’ என்று கேட்டுவிட்டு அவள் எந்த வரியைத் திருத்துவாள், தம்பி? அடுத்த முறை தாளை மூடிவைத்துவிட்டு, கதையை அவளிடமே திருப்பிச் சொல்லுங்கள். நீங்கள் தடுமாறும் இடம் அவள் காதிலேயே விழும். குறை சொல்ல வேண்டிய வேலை பாதியாகிவிடும்.

நானும் சொல்லிப் பார்த்தேன். கட்டணம் நினைவிருக்கிறது, படகு நினைவிருக்கிறது. நடுவில் அவள் என்ன முடிவெடுத்தாள் என்பது வாயில் வரவில்லை. பிடிபடுவது அவளுக்கு நேர்வது. அவள் செய்வது எது?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் வனத்துறையோடு இழுபறி என்பது நம் கரையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று பெண்கள் தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டதும் இதே கரையில்தான். உங்கள் தோழியின் நாயகி போவது அந்த 12 நாளுக்குள்ளா, பதின்மூன்றாம் நாளா? பதின்மூன்றாம் நாள் என்றால், அவள் முகம் கொடுக்க வேண்டியது வனத்துறைக்கு அல்ல. நேற்றுவரை அவளோடு ஒரே வள்ளத்தில் வந்த பெண்களுக்கு. இதைக் கேள்வியாகக் கேளுங்கள். பதிலையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், கதை அவளுடையது.

பாராட்டும்போதும் இடத்தைச் சுட்டிக்காட்டிப் பாராட்டுங்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறாள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாளே, அருமையான வரி. ஈரத் துணியை ஒவ்வொரு விரலாக அவிழ்ப்பதைக் காட்டினால் ஒரு வார்த்தை வசனம் தேவையில்லை. ‘கடல் அவளைத் தாயாக அழைத்தது’ என்ற வரியை எந்தக் கேமராவால் எடுப்பது? இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டுங்கள், வித்தியாசம் அவளுக்கே புரியும். இந்த வாரமே போய்ப் பேசுங்கள். எழுதத் தெரிந்த பெண் அவள், விட்டுவிடக் கூடாது.

கேள்வி: 1964 தனுஷ்கோடிப் புயலில் அடித்துச் செல்லப்பட்ட ரயிலில் ஒரு பயணி. நண்பன் எழுதிய கதை இது. ‘செலவு தாங்காது’ என்று சொல்லலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: சொல்லலாம், கடைசியில். டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து போன அந்த ரயில் ஊர் சேரவில்லை என்பது நம் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதையில் பார்ப்பவரை உட்காரவைப்பது அந்தப் பயணிதான். புயலே வராதிருந்தால் மறுநாள் காலையில் அவர் தனுஷ்கோடியில் யாரைப் பார்ப்பதாக இருந்தார்? கப்பலேறி இலங்கைக்குப் போவதாக இருந்தாரா, கடனைத் திருப்பிக் கொடுக்க வந்தாரா? நண்பனிடம் அதைக் கேளுங்கள். அதற்கு விடை கிடைத்தால், ஒரே ஒரு ரயில் பெட்டி, மழைச் சத்தம், அணைந்து அணைந்து எரியும் விளக்கு, இவற்றை வைத்தே எடுத்துவிடலாம். பெரிய அலை காட்ட வேண்டிய கட்டாயமே இல்லை.

கேள்வி: கருத்துக் கேட்கக் கொடுத்தால் கதையைத் திருடிவிட மாட்டார்களா?
– வாசகி, கீழக்கரை

பதில்: பயம் நியாயமானது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் காப்பது நீங்கள் எழுதிய வடிவத்தை. மனதில் இருக்கும் கருவை அல்ல. ஆகவே, வாய்வழியாகச் சொல்வதற்கு முன் இரண்டு பக்கமாவது எழுதி, தேதி தெரியும்படி மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள், தங்கையே. பிறகு நம்பிக்கையான இரண்டு பேரிடம் கொடுங்கள்.