தேம்ஸ் படகுப் போட்டி: பாதை பற்றிய கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் மோதும் போட்டி எப்போதுமே லண்டனின் பட்னியில்தான் தொடங்கியதா?

இல்லை. 1829-ல் முதல் போட்டி ஹென்லியில் நடந்தது, ஏறக்குறைய இரண்டேகால் மைல். 1836-ல் லண்டனுக்கு வந்து வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து பட்னி வரை ஐந்தேமுக்கால் மைல் ஆனது. அங்கே நீராவிப் படகுகளும் சரக்குப் படகுகளும் பெருகி, எட்டுப் பேர் துடுப்புப் போடும் மெல்லிய படகுக்கு இடமில்லாமல் போனதால் 1845-ல் ஆற்றின் மேல்பக்கம் தள்ளிப் போனார்கள். பட்னி முதல் மார்ட்லேக் வரை, 4 மைல் 374 கஜம். தொடங்கும் இடத்தில் கரையோரம் யு.பி.ஆர். (யுனிவர்சிட்டி போட் ரேஸ், அதாவது பல்கலைக்கழகப் படகுப் போட்டி) என்று பொறித்த கல் ஒன்று நிற்கிறது, போனால் தவறவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: எந்த ஆண்டு, எந்தப் பாதை என்று பார்க்காமல் நேரங்களை ஒப்பிடாதீர்கள். 1836-ல் வென்றவர்களுக்கு 36 நிமிடம், 1998 சாதனை 16 நிமிடம் 19 விநாடி. இரண்டும் வேறு வேறு தூரம்.

கேள்வி: ஆற்றை எதிர்த்தா துடுப்புப் போடுகிறார்கள்?

மேல்நோக்கிப் போகிறார்கள், ஆனால் எதிர்த்து அல்ல. அங்கே கடல் ஏற்றம், அதாவது கடல் உயரும்போது ஆற்றுக்குள் ஏறும் நீர், உள்ளே வரை வரும், அந்த ஏற்றம் படகைத் தள்ளுகிற நேரம் பார்த்துத்தான் போட்டி வைக்கிறார்கள். 1846, 1856, 1863 ஆகிய மூன்று ஆண்டுகளில் மட்டும் திசையைத் திருப்பி, மார்ட்லேக்கிலிருந்து பட்னிக்கு ஓட்டினார்கள்.

கேள்வி: சர்ரே பக்கம் (தென்கரை) கிடைத்தால் வெற்றி உறுதிதானே? நீண்ட வளைவு அவர்களுக்குத்தானே உள்பக்கம்?

இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் வளைவும் கடைசி வளைவும் மிடில்செக்ஸ் பக்கத்துக்கு (வடகரை) சாதகம், நடுவில் வரும் நீளமானதுதான் சர்ரேக்கு.

கேள்வி: அப்படியானால் நடுவளைவே பெரிதல்லவா?

பெரிதுதான், ஆனால் வழியில் உள்ள ஹாமர்ஸ்மித் பாலத்துக்குள் மிடில்செக்ஸ் படகு முழுதாக முந்திவிட்டால் குறுக்கே வந்து எதிராளிக்கு முன்னால் உள்ள நீரை எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் சர்ரேக்கு அந்த வளைவால் என்ன பயன்? இன்னொன்று, சுக்கான் பிடிப்பவர் தேடுவது கரையை அல்ல, ஆழமான தண்ணீரை. ஏற்றம் அங்கேதான் வேகமாக ஓடும். இரண்டு படகும் ஒரே நீரோட்டத்துக்காக நெருக்கிக்கொண்டு துடுப்புகள் உரசிக்கொள்வதும், நடுவர் கொடியை ஆட்டி எச்சரிப்பதும் அதனால்தான். எதிர்க்காற்று அடித்து அலை எழும்பினால் மட்டும் அந்த நீரோட்டத்தை விட்டுக் கரையோரம் ஒதுங்குவார்கள்.

கேள்வி: 2021-ல் போட்டி ஏன் லண்டனை விட்டு ஈலி நகருக்குப் போனது?

ஹாமர்ஸ்மித் பாலத்தில் விரிசல், கூடவே கொரோனா. அங்கே கிரேட் ஊஸ் ஆறு கிட்டத்தட்ட நேராகப் போகும், கடல் ஏற்றமும் கிடையாது, தூரம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர்.

கேள்வி: ஈலியில் எடுத்த நேரம் சாதனையாகுமா?

ஆகாது. மேலே சொன்னேனே, தூரத்தைப் பாருங்கள்.

கேள்வி: பெண்கள் போட்டியும் பட்னி முதல் மார்ட்லேக் வரையிலான பாதைதானா?

2015 முதல், ஆம்.

கேள்வி: துடுப்புப் போடுபவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்?

பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஹென்லியில் வென்ற நேரத்தை இப்போதைய நேரத்தோடு...

வேண்டாம். இரண்டேகால் மைல், அதுவும் கடல் ஏற்றம் வராத இடம்.