அட்லாண்டிஸ் இருந்ததற்குச் சான்று கிடைத்திருக்கிறதா?

இல்லை. கடலில் மூழ்கிய அந்தத் தீவரசைப் பற்றிய செய்தி, கி.மு. 360 வாக்கில் கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ எழுதிய 'டிமேயஸ்', 'கிரிட்டியாஸ்' ஆகிய உரையாடல்களுக்கு முந்தைய எந்த நூலிலும் காணப்படவில்லை. பிளேட்டோ அதற்குக் குறிப்பிடும் இடமான ஜிப்ரால்டர் நீரிணைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலடியில் மூழ்கிய கண்டம் ஏதும் இல்லை என்பதையும் புவியியல் ஆய்வுகள் தெளிவாக்கிவிட்டன.

ஓரளவு பொருட்படுத்தத்தக்க வாதம் ஏஜியன் கடலிலுள்ள தேரா, அதாவது இன்றைய சாண்டோரினித் தீவைச் சார்ந்தது. கி.மு. 1600ஐ ஒட்டி அங்கு எரிமலை வெடித்தது. அச்சாம்பலுக்கடியில் புதைந்த அக்ரோத்திரி நகரைக் கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்பிரிடோன் மரினாடோஸ் 1967இல் அகழத் தொடங்கினார். மாடி வீடுகள், தெருவுக்கடியில் ஓடும் கழிவுநீர்க் கால்வாய், இரு கைகளிலும் மீன் கொத்துகளைத் தூக்கி நிற்கும் இளைஞனின் சுவரோவியம் ஆகியவை வெளிப்பட்டன. மட்கிப்போன மரக்கட்டில்கள் சாம்பலில் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் சாந்து ஊற்றி, அவற்றின் வடிவத்தையே மீட்டெடுத்தனர். வீடுகளுக்குள் சடலங்கள் கிடைக்காததால், முன்னதிர்வுகளை உணர்ந்த மக்கள் முன்கூட்டியே வெளியேறியிருக்க வேண்டும் எனக் கருதப்படுகிறது.

ஆயினும் இதை அட்லாண்டிஸ் என்பது பொருந்தாது. அட்லாண்டிஸ் அழிந்து கழிந்ததாகப் பிளேட்டோ கூறும் 9,000 ஆண்டுகளை 900 எனத் திருத்தி, தீவின் இடத்தையும் மாற்றினால்தான் இரண்டும் ஒத்துப்போகும்; இது செருப்புக்கேற்பக் காலை வெட்டும் வேலை. மேலும், தேரா வெடித்த பின்னரும் அருகிலுள்ள கிரீட் தீவில், அக்காலத்து மினோவன் நாகரிகத்தின் அரண்மனைகள் பல்லாண்டுகள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன; அந்த வெடிப்போடு அந்நாகரிகம் அழிந்துவிடவில்லை.