பின்கால் வலிக்குத் தோளைப் பிடித்துவிடுங்கள்

கேள்வி: எங்கள் லாப்ரடார் நாய்க்கு 11 வயது. இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்று மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். இதமாகப் பிடித்துவிடலாம் என்று பின்காலில் கை வைத்தால் உறுமுகிறது. மசாஜ் அதற்கு ஒத்துவராதா?

பதில்: ஒத்துவரும். தொடங்க வேண்டிய இடம்தான் வேறு. நிற்கும்போது நாயின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்கால்கள் தாங்குகின்றன, 40 சதவீதத்தைப் பின்கால்கள். இடுப்பு வலிக்கும் நாய் எடையை இன்னும் முன்னுக்குத் தள்ளிவிடும். அதனால் கழுத்து, தோள், முன்காலின் மேல்பகுதி, முதுகின் இருபக்கத் தசைகள் எல்லாம் நாள் முழுக்கக் கூடுதல் சுமை தாங்கி இறுகிப்போகின்றன. தேய்ந்த மூட்டைக் கையால் சரிசெய்ய முடியாது. இந்த இறுக்கத்தைத் தளர்த்த முடியும்.

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழியட்டும். வழுக்காத விரிப்பில், அதற்கு வசதியான பக்கமாகத் தானே படுக்கட்டும். பிடித்து அமுக்கிப் படுக்க வைக்காதீர்கள். முதல் இரண்டு நிமிடம் நீவல் மட்டும். உள்ளங்கையை முழுதாகப் பதித்து, கழுத்திலிருந்து வாலின் அடிவரை, முடி வளர்ந்த திசையிலேயே போங்கள். ஒரு நீவலுக்கு நான்கைந்து விநாடி ஆக வேண்டும். அவசரமாகத் தேய்த்தால் விளையாட்டு என்று நினைத்து எழுந்துவிடும். அழுத்தம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: மூடிய கண் இமைமேல் விரலை வைத்தால் எவ்வளவு தாங்குவீர்களோ, அவ்வளவில் தொடங்குங்கள்.

பிறகு பிசைதல். தோள்பட்டைக்குப் பின்னால், முன்னங்காலின் முழங்கைக்கு மேலே, கைக்கு நிறைய ஒரு தடித்த தசை அகப்படும். கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே அதை மெதுவாகப் பிடித்து, லேசாகத் தூக்கி, விடுங்கள். விரல் நுனியால் பிடித்தால் கிள்ளல் ஆகிவிடும். விரலின் தட்டைப் பகுதியால் பிடிக்க வேண்டும். பக்கத்துக்கு 2 அல்லது 3 நிமிடம். அடுத்து முதுகு. முதுகெலும்பின் மேல் அழுத்தவே கூடாது. எலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, இருபுறமும் ஓடும் தசையில் சிறு வட்டங்களாக இடுப்புவரை போங்கள். எங்காவது முடிச்சு போல இறுகியிருந்தால் நசுக்காமல், உள்ளங்கையை அங்கே 20–30 விநாடி வைத்திருங்கள். கைச்சூட்டிலேயே பாதி இளகும். பின்தொடைக்குக் கடைசியில் வாருங்கள், அதுவும் நீவல் மட்டும். அனுமதித்தால் சரி, இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். மொத்தம் 10–15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

உறுமியதற்காக அதட்டாதீர்கள். உறுமக் கூடாது என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்தமுறை நேரே கடிக்கும். மாத்திரை சாப்பிட்டும் தொட்டாலே உறுமுகிறது என்றால் வலி இன்னும் அடங்கவில்லை என்று பொருள். மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: மசாஜுக்கு எந்த எண்ணெய் நல்லது? நாங்கள் முட்டிவலிக்குப் பூசும் ஜெல்லைத் தடவலாமா?

பதில்: எண்ணெயே வேண்டாம். முடி சிக்குப் பிடிக்கும், அழுக்கு ஒட்டும், மிச்சத்தை நாய் நக்கி விழுங்கிவிடும். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு. வலி ஜெல் பக்கமே போகாதீர்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் கலந்தவை வயிற்றுக்குள் போனால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். நீங்கள் பூசிக்கொண்ட முட்டியை நாய் நக்குவதும், ஜெல் தடவிய கையோடு நீங்கள் அதைத் தொடுவதும்கூட ஆபத்துதான்.

அதற்குப் பதில் மசாஜுக்கு முன்னால் 10 நிமிடம் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள். துணியை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். சூடு அதிகமானால் நாய் எழுந்து போகும்படி வழி இருக்க வேண்டும். புதிதாக அடிபட்டு வீங்கிய இடத்தில் முதல் இரண்டு மூன்று நாள் சூடும் கூடாது, மசாஜும் கூடாது.

கேள்வி: வயதான எங்கள் நாய் பெரும்பாலும் படுத்தே இருக்கிறது. காலை மடக்கி நீட்டிவிட்டால் நல்லதா?

பதில்: முறையாகச் செய்தால் மூட்டு விறைக்காமல் காக்கும். நாய் ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது மேலிருக்கும் காலை எடுத்துக்கொள்ளுங்கள். அசைக்கும் மூட்டுக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை. பெரும்பாலோர் பாதத்தை மட்டும் பிடித்து இழுக்கிறார்கள். அப்போது மொத்தக் காலும் இடுப்பில் தொங்கி மூட்டு முறுகும். கால் தரைக்கு இணையாகவே இருக்கட்டும், உயரத் தூக்காதீர்கள். மெதுவாக மடக்குங்கள். முதல் தடை எங்கே தெரிகிறதோ அங்கேயே நிறுத்தி, சில விநாடி வைத்து, நீட்டுங்கள். விரல்கள், கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று கீழிருந்து மேலே, ஒவ்வொன்றுக்கும் 8–10 முறை, தினம் இரண்டு வேளை. அறுவைச் சிகிச்சை நடந்த காலென்றால் மருத்துவர் சொல்லும்வரை தொடாதீர்கள்.

ஆனால் இதனால் தசை வளராது, மசாஜினாலும் வளராது. நாய் தானாக உழைத்தால்தான் வளரும். எழ முடிகிற நாயை வழுக்காத தரையில் உட்காரவைத்து எழச் செய்யுங்கள், ஒரு தடவைக்கு 5 முறை. கூடவே சிறு சிறு நடைகள்.

கேள்வி: என் டாஷ்ஹண்ட் நேற்றிலிருந்து முதுகை வளைத்துக்கொண்டு பின்காலை இழுத்து நடக்கிறது. மசாஜ் செய்யலாமா?

பதில்: கூடாது. முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதோ என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த இனத்தில் அது அதிகம். பின்பாதத்தைத் திருப்பி மேல்பக்கம் தரையில் படும்படி வைத்துப் பாருங்கள். நரம்பு சரியாக இருந்தால் உடனே திருப்பிக்கொள்ளும். திருப்பாமல் அப்படியே வைத்திருந்தால் பாதிப்பு நரம்பில்தான். திருப்பிக்கொண்டாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தூக்கும்போது மார்பையும் இடுப்பையும் சேர்த்துத் தாங்கி முதுகை நேராக வையுங்கள்.

காய்ச்சல் (உடல்வெப்பம் 39.2 டிகிரி செல்சியஸுக்கு மேல்), திறந்த காயம், தோல் தொற்று, என்னவென்று தெரியாத கட்டி இருந்தாலும் மசாஜ் வேண்டாம்.

கேள்வி: அதற்குப் பிடிக்கிறதா, பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பிடித்தால் மூச்சு நிதானமாகும், கண் சொருகும், உடம்பை உங்கள் கைமேல் சாய்க்கும். உதட்டை நக்குவது, தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்ப்பது, கண்ணின் வெள்ளை தெரிவது, தொட்ட இடத்தில் தோல் துடிப்பது எல்லாம் ‘போதும்’ என்பதன் அடையாளம். பலனை நினைவை நம்பி அளக்காதீர்கள். படுத்த இடத்திலிருந்து எழுவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே விரிப்பில், அதே நேரத்தில் செல்போனில் பதிவுசெய்து ஒப்பிடுங்கள். முன்னேற்றம் தெரியாவிட்டால் நகத்தையும் பாருங்கள்: நடக்கும்போது தரையில் டக் டக்கென்று கேட்டால் அது நீண்டுவிட்டது. நீண்ட நகம் விரல்களை மேலே தள்ளி, பாதத்தைக் கோணலாக ஊன்ற வைக்கும். முதலில் அதை வெட்டிவிடுங்கள்.